டி.என்.ஏ. இழை புற்றுநோயைப் பிடிக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ரத்தத்தில் மிகமிகக் குறைவாக இருக்கும் புற்றுநோய்ப் புரதங்களை, செயற்கையாகத் தயாரித்த டி.என்.ஏ. இழைகளைக் கொண்டு கண்டறியும் உணரிகள் வந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் ஒரு பகுதி மாணவர்களும் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களும் எழுதியவை. மற்றவை, கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் எழுதியவர்களுடையவை. இரு தரப்புக்கும் சேர்த்தே இந்த முறை பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தங்க மின்முனைகளோடும் சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) குப்பிகளோடும் நாளைக் கழிக்கும் உயிர்வேதியியல் ஆய்வாளர். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: டி.என்.ஏ. என்றால் பரம்பரைச் செய்தி என்றுதான் படித்திருக்கிறோம். புரதத்தைப் பிடிக்க அது எப்படி உதவும்? என்னுடைய டி.என்.ஏ.வை எடுத்துச் சோதிப்பார்களா? (பள்ளி மாணவி)

உன்னுடைய டி.என்.ஏ.வை யாரும் தொடப்போவதில்லை அம்மா. இங்கே டி.என்.ஏ. வெறும் கருவி. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகளைத்தான் எழுத்துகள் என்கிறோம்; அப்படி 40, 60 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழையை இயந்திரத்தில் வேதிமுறையில் தயாரிக்கிறார்கள். குப்பியின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் உலர்ந்த பொடியாக அது எங்களுக்கு வந்து சேரும்.

பாடப்புத்தகத்தில் நீ பார்த்தது இரட்டைச் சுருள். இரண்டு இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் அது விறைப்பாக இருக்கும். ஒற்றை இழைக்குத் துணை கிடையாது. அதனால் தன் உடம்பிலேயே ஜோடி தேடும். ஓரிடத்தில் இருக்கும் ஏ, அதே இழையில் தள்ளியிருக்கும் டி-யோடு சேரும். ஜி-யும் சி-யும் சேரும். இப்படி மடங்கி மடங்கி, ஒவ்வொரு எழுத்து வரிசைக்கும் ஒரு தனி உருவம் வந்துவிடுகிறது. அந்த உருவத்தின் பள்ளத்தில் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மேடு சரியாகப் பொருந்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பற்றும் இழைக்கு ஆப்டமர் என்று பெயர்.

எந்த வரிசை எந்தப் புரதத்தைப் பற்றும் என்று பெரும்பாலும் யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தத் தேடும் முறையை 1990-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒன்று கொலராடோவில் கிரெய்க் டூயர்க், லாரி கோல்ட். இன்னொன்று பாஸ்டனில் ஆன்ட்ரூ எல்லிங்டன், ஜாக் சோஸ்டாக். (சோஸ்டாக் பிறகு குரோமோசோம் முனைகள் பற்றிய வேறு ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.) இரு குழுவும் முதலில் டி.என்.ஏ.வின் உறவுக்கார மூலக்கூறான ஆர்.என்.ஏ.வில்தான் செய்து பார்த்தார்கள். டி.என்.ஏ.விலும் அதே முறை பலிக்கும் என்பது சீக்கிரமே தெரிந்தது.

முறை இதுதான். எழுத்துகளைத் தற்செயலாகக் கோத்து, நூறு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட இழைகளை ஒரே குழாயில் எடுத்துக்கொள்வார்கள். அதில் நமக்கு வேண்டிய புரதத்தை வைப்பார்கள். ஒட்டாத இழைகளைக் கழுவி விடுவார்கள். ஒட்டிய சிலவற்றை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, மறுபடி அதே புரதத்தோடு மோத விடுவார்கள். சுற்றுக்குச் சுற்று கழுவலைக் கடுமையாக்கிக்கொண்டே போனால் கடைசியில் கெட்டியாகப் பற்றும் வரிசைகள் மிஞ்சும்.

1992-இல் இப்படிக் கிடைத்த ஓர் இழை, ரத்தம் உறைவதற்கு உதவும் த்ராம்பின் புரதத்தைப் பற்றுகிறது. அதன் நீளம் வெறும் 15 எழுத்து. அதிலும் ஜி, டி என்ற இரண்டே எழுத்துகள்தான். ஜி எழுத்துகள் நான்கு நான்காகக் கூடி இரண்டு தட்டாக அடுக்கிக்கொள்கின்றன. இவ்வளவு சிறிய ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய புரதத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. இத்தனை வருடம் இதே வேலையில் இருந்தும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் டியூமர் மார்க்கர் (புற்றுநோயைச் சுட்டும் ரத்தப் புரதம்) எல்லாமே ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) வைத்துத்தான் பார்க்கிறோம். நன்றாகத்தான் போகிறது. பிறகு டி.என்.ஏ. எதற்கு? (மருத்துவ ஆய்வக டெக்னீஷியன்)

நியாயமான கேள்வி. பல கட்டுரைகள் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. ஆன்டிபாடியைக் குறைத்துப் பேசினால்தான் ஆப்டமருக்கு மதிப்பு என்பது போல எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல ஆன்டிபாடி புரதத்தைப் பற்றும் இறுக்கத்தை எட்டாத ஆப்டமர்கள் நிறைய உண்டு.

ஆனால் டி.என்.ஏ.வுக்கு வேறு சில வசதிகள் இருக்கின்றன. ஆன்டிபாடியை விலங்கிலோ செல்லிலோ வளர்த்து எடுக்க வேண்டும். ஒரு லாட் தீர்ந்து அடுத்த லாட் வரும்போது அளவு கொஞ்சம் மாறிப்போகும் தொல்லை உங்களுக்கே தெரியும். டி.என்.ஏ. இழை எழுத்து வரிசையைச் சொன்னால் போதும், எங்கே செய்தாலும் அதே மூலக்கூறு. சூட்டில் ஆன்டிபாடி கெட்டால் கெட்டதுதான். டி.என்.ஏ.வை 95 டிகிரி வரை சூடாக்கி ஆற விட்டால் பழையபடி மடங்கிக்கொள்ளும். அதன் ஒரு நுனியில் தங்கத்தோடு ஒட்டும் கந்தகக் குழுவையும், மறு நுனியில் நிறமியையும் வைத்துத் தரச்சொல்லி வாங்கலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, டி.என்.ஏ.வைப் பெருக்க முடியும் என்பது. புரதத்தைப் பெருக்க வழியே கிடையாது. ரத்தத்தில் பத்து மூலக்கூறு இருந்தால் பத்துதான். ஆனால் அந்தப் பத்தின் முதுகிலும் ஆளுக்கொரு டி.என்.ஏ. இழையைக் கட்டிவிட்டால், அந்த இழையைக் கோடிக்கணக்கில் நகலெடுத்து எண்ணலாம். 1992-இல் டகேஷி சானோவும் சார்லஸ் கேன்டரும் சேர்ந்த குழு, ஆன்டிபாடியின் வாலில் டி.என்.ஏ.வைக் கட்டி பி.சி.ஆர். செய்து காட்டியது. 2002-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் உல்ஃப் லாண்டகிரென் குழு இதை இன்னும் நுட்பமாக்கியது. ஒரே புரதத்தை இரண்டு ஆப்டமர்கள் இரண்டு பக்கமிருந்து பிடிக்கும். இரண்டும் அருகருகே வந்தால் மட்டுமே அவற்றின் வால்கள் இணைந்து ஒரே இழையாகும். இணைந்த இழை மட்டுமே பெருகும். வேறு எங்காவது தப்பாக ஒட்டிய ஒற்றை ஆப்டமர் சத்தமே போடாது. பின்னணி இரைச்சல் அங்கேயே அடங்கிவிடுகிறது.

ஆக, சண்டை ஆன்டிபாடிக்கும் டி.என்.ஏ.வுக்கும் இடையில் இல்லை. ஆன்டிபாடி பிடிக்க, டி.என்.ஏ. எண்ண என்று சேர்ந்து வேலை செய்யும் வடிவங்கள்தான் இன்றைக்கு அதிகம் முன்னேறியிருக்கின்றன. ஆப்டமர் மட்டுமே கொண்டும் பெரிய அளவில் சாதித்திருக்கிறார்கள். மேலே சொன்ன லாரி கோல்ட் தொடங்கிய சோமாலாஜிக் நிறுவனத்தின் முறையில், எழுத்துகளை வேதிமாற்றம் செய்த ஆப்டமர்களால் ஒரே மாதிரியில் பல ஆயிரம் புரதங்களை அளக்கிறார்கள். இது பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது.

கேள்வி: இழை புரதத்தைப் பிடித்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்ப்பது போலச் சொல்லுங்கள். (அறிவியல் ஆசிரியர்)

என் மேசையில் தினமும் நடப்பதையே சொல்கிறேன் ஐயா.

பென்சில் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதன் அடிமுனையில் சின்னப் பொட்டு அளவுக்குத் தங்கம். அதுதான் மின்முனை. ஈரத் துணித் தட்டில் அலுமினாப் பொடியைத் தூவி, எட்டு வடிவில் சுழற்றிச் சுழற்றித் தங்கத்தைத் தேய்க்க வேண்டும். முகம் தெரியும் வரை தேய்க்கச் சொல்வேன். மாணவர்கள் சலித்துக்கொள்ளும் வேலை இது. ஆனால் இங்கே அவசரப்பட்டால் பிறகு எந்த அளவும் நிலைக்காது.

பிறகு டி.என்.ஏ. கரைசலை அந்தப் பொட்டின் மேல் விடுகிறோம். கந்தக நுனி தங்கத்தில் ஊன்றிக்கொள்ளும். இழைகள் ஒரு முனையில் வேரூன்றி, மறு முனை தண்ணீரில் பாசி போல ஆடிக்கொண்டிருக்கும். இடைவெளிகளை மெர்காப்டோஹெக்சனால் என்ற சிறு மூலக்கூறால் நிரப்புகிறோம். இல்லாவிட்டால் இழைகள் தங்கத்தின் மேலேயே படுத்துவிடும், கண்ட புரதமும் வந்து அப்பிக்கொள்ளும். ஆடும் நுனியில் மெத்திலீன் நீலம் என்ற நிறமி கட்டியிருக்கும். அது தங்கத்துக்கு அருகில் வரும்போதெல்லாம் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும். மின்னழுத்தத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், கணினித் திரையில் ஒரு சின்ன மலை எழும்.

இப்போது புரதம் வந்து இழையைப் பற்றுகிறது. இழையின் மடிப்பு மாறுகிறது. நீல நிறமி தங்கத்துக்கு நெருங்குகிறது, அல்லது விலகுகிறது. மலை உயர்கிறது, அல்லது தாழ்கிறது. எது நடக்கும் என்பது வடிவமைப்பைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பராவில் கெவின் பிளாக்ஸ்கோவும், மின்கடத்தும் பாலிமருக்காக 2000-ஆம் ஆண்டு நோபல் பெற்ற ஆலன் ஹீகரும் சேர்ந்து 2003-இல் டி.என்.ஏ.வுக்கும், 2005-இல் மேலே சொன்ன த்ராம்பினுக்கும் இப்படி உணரி செய்தார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கழுவ வேண்டாம், இன்னொரு வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டாம். மாதிரியில் முக்கி எடுத்தால் போதும்.

தாங்கல் கரைசலில் (ஆய்வகத்தில் தயாரிக்கும் சுத்தமான உப்புக் கரைசல்) எல்லாம் அழகாக இருக்கும். சீரத்தை விட்டவுடன்தான் உண்மை நிலவரம் தெரியும். மலை அசையத் தொடங்கும், மெல்லச் சரியும். சீரத்தில் ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே லிட்டருக்கு ஏறக்குறைய 40 கிராம். நாம் தேடுகிற, பிராஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. போன்ற புரதமோ மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் அளவில் இருக்கும். ஒன்றுக்கு ஒரு கோடி என்ற விகிதம். போதாக்குறைக்கு, ரத்தத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் வேறு. எழுத்துகளின் சர்க்கரைப் பகுதியையோ, எழுத்துகளைக் கோக்கும் முதுகெலும்பையோ வேதிமாற்றம் செய்து அவற்றிடமிருந்து இழையைக் காப்பாற்றுகிறோம். இந்தத் துறையில் உழைப்பில் பெரும்பங்கு இந்தச் சீரத்தோடு மல்லுக்கட்டுவதில்தான் போகிறது.

கேள்வி: சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் போல வீட்டிலேயே புற்றுநோயைப் பார்க்கும் மீட்டர் ஏன் வரவில்லை?

குளுக்கோஸ் ரத்தத்தில் ஏராளமாக இருக்கிறது. நான் மேலே சொன்ன 4 நானோகிராம் பி.எஸ்.ஏ.வோடு மூலக்கூறு எண்ணிக்கையில் ஒப்பிட்டால் குளுக்கோஸ் நான்கு கோடி மடங்கு அதிகம். அதோடு, அதை மாற்றி மின்னோட்டம் தரும் நொதியை இயற்கையே கொடுத்துவிட்டது. லேலண்ட் கிளார்க் 1962-லேயே அந்த வழியைக் காட்டிவிட்டார். புற்றுநோய்ப் புரதங்களுக்கு அப்படி ஒரு நொதி இல்லை. பிடித்து, பெருக்கி, எண்ண வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அடுத்ததற்கு அடுத்த கேள்விக்கான பதிலில் அது வருகிறது.

கேள்வி: எனக்கு 34 வயது. மாதவிடாய் வலி அதிகம் என்று போனபோது சி.ஏ. 125 எடுத்தார்கள். 62 என்று வந்தது. 35-க்குள் இருக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அழுது அழுது ஓய்ந்துவிட்டேன். நீங்கள் சொல்லும் புதிய டி.என்.ஏ. பரிசோதனையில் உண்மை தெரியுமா? (வாசகி)

சகோதரி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன், பலமுறை படித்தேன்.

என் மேசையில் இருக்கும் எந்த உணரியிலும் உங்கள் ரத்தத்தை வைத்தால், அது 62 என்பதை 61.8 என்று இன்னும் துல்லியமாகச் சொல்லும், அவ்வளவுதான். அந்த 62 எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சி.ஏ. 125, புற்றுநோய் மட்டுமே சுரக்கும் புரதம் இல்லை. வயிற்றறையையும் கருப்பையையும் சூழ்ந்திருக்கும் உறைகளில் இயல்பாகவே உண்டு. அந்த உறைகள் எரிச்சல் கண்டால் ரத்தத்தில் கூடும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்), கருப்பைக் கட்டிகள், இடுப்பறையில் கிருமித் தொற்று, கல்லீரல் நோய், கர்ப்பம் என்று பல நிலைகளில் உயரும். மாதவிடாய் நாட்களில் ரத்தம் எடுத்தாலே உயரலாம். கடுமையான மாதவிடாய் வலியோடு போன 34 வயதுப் பெண்ணுக்கு, மருத்துவர் முதலில் எண்ணிப்பார்க்கக்கூடிய காரணங்கள் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

35 என்ற எண்ணைப் பற்றியும் சொல்கிறேன். ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் இந்தப் பரிசோதனையை உருவாக்கியபோது, ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 99 பேர் இதற்குக் கீழே இருந்தார்கள். அதனால் அங்கே ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே போனால் நோய், கீழே இருந்தால் நலம் என்று உடம்பு பிரித்து வைத்துக்கொள்வதில்லை. தொடக்க நிலைச் சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு உயர்வதே இல்லை.

பிரிட்டனில் 50 வயதைத் தாண்டிய, மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ. 125 பார்த்து, அது ஏறும் போக்கைக் கணக்கிட்டு, தேவையானவர்களுக்கு ஸ்கேனும் செய்தார்கள். தொடக்க நிலையிலேயே சில புற்றுநோய்களைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் 2021-இல் வந்த முடிவில், சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. எங்கள் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த முடிவைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் நாங்கள் எவ்வளவு கூர்மையான உணரியைச் செய்தாலும், அது பிடிக்கும் புரதம் சொல்லாத சேதியை உணரியால் சொல்ல முடியாது.

அதற்காக ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் போய், பிறப்புறுப்பு வழியான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். ரத்தம் எடுத்த அன்று மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லுங்கள். மறுபடி பார்க்கச் சொன்னால் மாதவிடாய் இல்லாத நாளில், அதே ஆய்வகத்தில் பாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பதில்களெல்லாம் சேர்ந்துதான் 62-க்கு அர்த்தம் கொடுக்கும்.

கேள்வி: ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிக்கும் கருவி என்று ஒரு வீடியோ வந்தது. நம்பலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரிசோதனை, நோய் உள்ள 100 பேரில் 99 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருமையான பரிசோதனை. இதை 1 லட்சம் பேருக்குச் செய்கிறோம். அவர்களில் 100 பேருக்கு அந்தப் புற்றுநோய் இருக்கிறது. 99 பேர் பிடிபடுவார்கள். நலமாக இருக்கும் 99,900 பேரில் 999 பேரும் பிடிபடுவார்கள். மொத்தம் 1,098 பேருக்கு "இருக்கிறது" என்று ரிப்போர்ட் போகும். அதில் உண்மையாகவே நோய் இருப்பது பதினொரு பேரில் ஒருவருக்கு. மற்ற பத்துப் பேருக்கும் ஸ்கேன், பயாப்ஸி, பயம். வீட்டு மீட்டர் ஏன் வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு என்றேனே, அது இதுதான்.

சொட்டு என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1 ஃபெம்டோமோலார் என்ற மிகச் சிறிய அடர்த்தியில் ஒரு புரதம் இருந்தால், 1 மைக்ரோலிட்டரில் (லிட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சுமார் 600 மூலக்கூறுகள் இருக்கும். அதையும் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால், அந்த 1 மைக்ரோலிட்டரில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இல்லாததை எந்த உணரியும் பிடிக்காது. இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

விரல் நுனிச் சொட்டில் பெரும் எண்ணிக்கையில் பரிசோதனைகள் என்று அமெரிக்காவில் தெரனோஸ் நிறுவனம் சொன்னதையும், அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022-இல் தண்டிக்கப்பட்டதையும் பலர் படித்திருப்பீர்கள். அவர்கள் டி.என்.ஏ. உணரி செய்யவில்லை. ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும், நோயாளிகளிடம் செய்து பார்த்த முடிவுகளை மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். வீடியோவில் அது இல்லாவிட்டால் கடந்து போய்விடலாம்.

கேள்வி: முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். டியூமர் மார்க்கர் பரிசோதனையைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். பல பரிசோதனைக் கருவிகளில் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற ஜோடிதான் பசையாக வேலை செய்கிறது. உங்கள் ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்தப் பசையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பரிசோதனையின் வகையைப் பொறுத்து, அளவு பொய்யாகக் குறைந்தும் காட்டலாம், கூடியும் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். பல டி.என்.ஏ. உணரிகளிலும் இதே பசைதான். தங்கத்தில் கந்தகத்தால் நேரடியாக ஊன்றியவற்றில் இந்தச் சிக்கல் கிடையாது.

கேள்வி: பிராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். இப்போது பி.எஸ்.ஏ. "0.1-க்குக் கீழ்" என்று மட்டும் வருகிறது. எவ்வளவு கீழ் என்று தெரிந்துகொள்வதில் பயன் உண்டா? (ஓய்வுபெற்ற வாசகர்)

உண்டு ஐயா. இந்த உணரிகளின் கூர்மை வீணாகாத இடம் என்று நான் நம்புவது உங்களைப் போன்றவர்களின் நிலையைத்தான்.

நோய் இருக்கிறதா என்று பொதுமக்களைச் சோதித்துப் பார்க்கும்போது பி.எஸ்.ஏ. குழப்புகிறது. சுரப்பி வயதாகி வீங்கினாலும் ஏறும், அழற்சி வந்தாலும் ஏறும். சுரப்பியையே எடுத்துவிட்ட பிறகு அந்தக் காரணங்கள் எல்லாம் போய்விடுகின்றன. ரத்தத்தில் இருக்கும் பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகும் வேகத்தில் வடிந்து, சில வாரங்களில் அளக்க முடியாத அளவுக்குப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்து ஏறினால், எங்கோ பிராஸ்டேட் செல்கள் மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். அதே புரதம்தான், ஆனால் இங்கே அதன் பேச்சு தெளிவாக இருக்கிறது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலையில் சாட் மிர்கின் குழு 2003-இல் ஒரு முறையைச் செய்தது. பி.எஸ்.ஏ.வைப் பிடிக்கும் ஒவ்வொரு தங்க நானோ துகளின் மேலும் நூற்றுக்கணக்கான டி.என்.ஏ. இழைகளை அடையாளச் சீட்டாக ஏற்றியிருந்தார்கள். ஒரு புரதம் பிடிபட்டால் இத்தனை இழைகளும் கைக்கு வரும், அவற்றை எண்ணலாம். 2009-இல், அறுவை செய்துகொண்டவர்களின் சேமித்து வைத்த சீரத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். வழக்கமான பரிசோதனையைவிடச் சுமார் 300 மடங்கு குறைவான அளவையும் படிக்க முடிந்தது. "அளக்க முடியவில்லை" என்று வந்த ரிப்போர்ட்டுகளுக்குள்ளேயே சிலருக்கு அளவு அசையாமல் இருந்ததும், சிலருக்கு மெல்ல ஏறியதும் தெரிந்தது. ஆய்வில் இருந்தவர்கள் சிலரே. ஆனாலும் ஒரே மனிதரின் அளவைக் காலப்போக்கில் பின்தொடர்வது எவ்வளவு பயனுள்ளது என்பதை அது காட்டியது.

வழக்கமாக, 0.2 நானோகிராம் அளவைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அது உறுதியானால்தான் நோய் திரும்பியதற்கான ரத்த அறிகுறி என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கே மிகு நுண்பரிசோதனைகள் பல இடங்களில் கிடைக்கின்றன. அதில் 0.01 என்பது 0.02 ஆனால் "இரு மடங்காகிவிட்டது" என்று பதற வேண்டாம். அந்த அளவில் கருவியின் இயல்பான ஆட்டமே அவ்வளவு இருக்கும். ஒரே ஆய்வகம், ஒரே முறை, தேதி போட்ட ஒரு நோட்டு. மூன்று நான்கு அளவுகள் ஒரே திசையில் போனால் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: புற்றுநோய்ப் புரதத்துக்கு ஆப்டமர் உணரி செய்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். கண்டறியும் எல்லை ஃபெம்டோமோலார் வரை வந்துவிட்டது. கட்டுரையும் வெளியாகிவிட்டது. ஆனால் இது நோயாளியிடம் போய்ச் சேருமா என்ற சந்தேகம் அரிக்கிறது. அடுத்து என்ன செய்வது? (ஆய்வு மாணவர்)

தம்பி, அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாதே. உன் கட்டுரையை நான் பார்க்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கட்டுரைகளை நிறையப் படிக்கிறேன், திருத்துகிறேன். அவற்றில் நான் தேடுவதைச் சொல்கிறேன்.

முதலில், எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஓர் இழை. அதே நீளம், அதே எழுத்துகள், வரிசை மட்டும் வேறு. அதற்கும் உணரி சிக்னல் தந்தால், நீ அளப்பது ஆப்டமரின் பிடிப்பை அல்ல. இரண்டாவது, உன் ஆப்டமர் அந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதை மின்முனை இல்லாத வேறொரு முறையிலும் உறுதி செய்துகொள். பழைய கட்டுரையிலிருந்து வரிசையை எடுத்தோம் என்பது போதாது. மூன்றாவது, சீரத்தை நூறு மடங்கு நீர்த்து, அதில் வாங்கிய புரதத்தைக் கலந்து அளப்பதை "உண்மை மாதிரி" என்று எழுதாதே. பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தில், மனித உடம்பில் அதன் மேல் ஏறும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்காது. பி.எஸ்.ஏ.வோ, ரத்தத்தில் பெரும்பகுதி இன்னொரு புரதத்தோடு பிணைந்தே சுற்றுகிறது. உன் ஆப்டமர் பற்றும் இடம் அங்கே மூடிக்கிடக்கலாம்.

எல்லையை இன்னும் கீழே தள்ளுவதில் அடுத்த ஆண்டைச் செலவழிக்காதே. மருத்துவருக்கு வேண்டிய அளவு பிகோமோலாரில் (ஃபெம்டோமோலாரைப் போல ஆயிரம் மடங்கு) இருக்கும்போது அட்டோமோலார் (ஃபெம்டோமோலாரில் ஆயிரத்தில் ஒன்று) யாருக்கும் தேவைப்படாது. அந்தப் பிகோமோலார் இடத்தில், நீர்க்காத சீரத்தில், இன்றும் நாளையும் அடுத்த மாதமும் ஒரே எண்ணைத் தருகிறதா என்று பார். உன் மின்முனையைச் செய்யத் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தும் அதே எண் வருகிறதா என்று பார்.

அப்புறம் நோயாளி மாதிரிகள். புற்றுநோய் உள்ளவர், முழு நலமாக இருக்கும் இளைஞர் என்று இரண்டு கூட்டத்தை மட்டும் ஒப்பிட்டால் எந்த உணரியும் ஜெயித்துவிடும். அதே உறுப்பில் புற்றுநோய் அல்லாத நோய் உள்ளவர்கள்தான் உன் உண்மையான எதிர்க்கூட்டம். வீங்கிய பிராஸ்டேட், எண்டோமெட்ரியோசிஸ், நாள்பட்ட கல்லீரல் அழற்சி. மேலே கடிதம் எழுதிய சகோதரி அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். மாதிரிக் குப்பிகளின் அடையாளத்தை வேறொருவர் மறைத்து வைக்கட்டும். நீ அளந்து எண்களை எழுதிக் கொடுத்த பிறகு அவர் திறக்கட்டும்.

இதற்கெல்லாம் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். மாதங்கள் பிடிக்கும். எனவே சோதனையை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காதே. சேமித்த சீரம் வைத்திருக்கும் ஒரு மருத்துவரை இந்த வாரமே போய்ப் பார், விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து எழுது. எந்த நோயாளிகளைச் சேர்ப்பது, அவர்களிடம் எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்பதை அவர் சொல்லட்டும். முதல் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு, படித்துத் திருத்தித் தருகிறேன்.